விழித்துப் பார்க்கும் நான்கு வரிகள்

மூன்று வாரத்துக்கு முன்பு ஜெயசுதா மூடிவிட்ட ஒரு புகாரை, காலை எட்டேகாலுக்கு யாரோ மறுபடி திறந்திருந்தார்கள்.

அபிஷேகப்பாக்கத்தில் அன்று வெயிலும் இல்லை, மழையும் இல்லை. நடவு முடிந்து இருபது நாள் ஆன சம்பாப் பயிர் ஒரு தாள் அசையாமல் நின்றது. அப்பா தங்கவேல் மண்வெட்டியோடு வடிகாலை வெட்டிவிடப் போயிருந்தார். ஐப்பசியில் காற்று இப்படி அடங்கிக் கிடப்பது நல்லதுக்கில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஜெயசுதா மாடி அறையில், ஈரத்தில் உப்பிப்போன ஜன்னல் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, காபி டம்ளரோடு கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

சென்னையில் பதினோரு வருடம் கம்பெனி வேலை பார்த்தவள். நாலு வருடத்துக்கு முன்பு அம்மா போனபின், அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் ஊரோடு வந்துவிட்டாள். இப்போது அவள் பார்க்கும் வேலையை அப்பாவுக்குப் புரியவைக்க அவளுக்கு ஒரு வருடம் ஆனது. கையடக்கமான சின்னக் கருவிகளுக்குள் ஓடும் ஓர் இயங்குதளம். அதற்கு முதலாளி கிடையாது. எழுதியதெல்லாம் வெளிப்படையாகக் கிடக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம், எடுத்துப்போய்த் தங்கள் கருவியில் போட்டுக்கொள்ளலாம். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து பிழை பார்க்கிறார்கள், வேகத்தைக் கூட்டுகிறார்கள். கருவி எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்ற பகுதி ஜெயசுதாவின் பொறுப்பு. தங்கவேல் உறவுக்காரர்களிடம், "எம்பொண்ணு மிஷின தூங்க வெக்கிற வேல பாக்குது" என்பார். அது பெரிய தப்பும் இல்லை.

புகாரின் தலைப்பு: ஏழு வாரம் கழித்துத் தூங்கிவிடுகிறது, எழுந்திருப்பதில்லை. முதலில் அனுப்பியவர் எங்கோ குளிர்நாட்டில் கண்ணாடிக் கொட்டகைக்குள் தக்காளி வளர்ப்பவர். ஜெயசுதா தன் மேசையில் இருந்த கருவியை இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. 'எங்களால் இதை மறுபடி நிகழ்த்திப் பார்க்க முடியவில்லை' என்று பணிவாக எழுதி, மூடிவிட்டாள். ஏழு வாரம் கழித்து வருகிற நோயை இரண்டு நாளில் தேடியிருக்கிறோம் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. அன்றைக்கு மட்டும் அவள் அப்படி மூடிய புகார்கள் ஒன்பது.

இப்போது அதன் கீழே புதிதாக எழுதியிருந்தவர் ஒரு ரத்த வங்கியில் குளிர்பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். அவருடைய பதினேழு கருவிகளும் ஒரே நாளில் பொருத்தப்பட்டவை. பதினேழும் ஒரே காலையில் பேச்சு மூச்சற்றுப் போயிருந்தன. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்ததால் மூன்று நாள் வரை யாருக்கும் தெரியவில்லை. பொருத்தியதிலிருந்து நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி நேரம் என்று அவர் கணக்குப் போட்டு எழுதியிருந்தார்.

ஜெயசுதா டம்ளரைக் கீழே வைத்தாள். அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கருவி, தான் உயிர்பெற்ற கணத்திலிருந்து நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டே போகும். எண்ணுவதற்கு இருக்கும் இடம் சின்னது. நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி, இரண்டு நிமிடம், நாற்பத்தேழு நொடியில் அது நிரம்பி, பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் முள் ஒரு சுற்று சுற்றிப் பூஜ்யத்துக்கு வருவதுபோல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தத் திருப்பத்தைக் கவனிக்காத கருவி, அடுத்து விழிக்கவேண்டிய நேரம் இன்னும் வரவே இல்லை என்று நினைத்துத் தூங்கிக்கொண்டே இருக்கும்.

அதைக் கவனிக்க முன்பு நிரலில் நான்கு வரிகள் இருந்தன. பல வருடங்களுக்கு முன் யாரோ எழுதியவை. நொடிக்கு ஒருமுறை கருவியை எழுப்பி, எண்ணைப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் மறுபடி படுக்க வைக்கும். எதற்கு என்று ஒரு குறிப்புகூட எழுதி வைக்கவில்லை. எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. போன ஜூலையில் ஜெயசுதா அந்த நான்கு வரிகளை எடுத்துவிட்டாள். சும்மா சும்மா எழுந்து மின்சாரத்தைத் தின்கிறது என்று நினைத்தாள். இரண்டு நாளில் தீர்ந்த பேட்டரி அதன்பின் ஒன்பது நாள் வந்தது. கூட வேலை செய்யும் இன்னொருவர் பார்த்து, பிரமாதம் என்று ஒரு வார்த்தை எழுதி ஒப்புக்கொண்டார். அன்று சாயங்காலம் அவள் அப்பாவுக்குக் கேசரி கிளறிக் கொடுத்தாள்.

அந்தத் திருத்தத்தைக் கேட்டவன், பக்கத்து மீனவ ஊரான நல்லவாட்டின் சுகுமார். லாஸ்பேட்டை பாலிடெக்னிக்கில் அவளோடு படித்தவன். படித்துவிட்டுக் கடலுக்கே திரும்பிப் போனவன். ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த செயற்கைக்கோள் பெட்டிகள் நல்லவாட்டுப் படகுகளில் இருந்தன. கரையிலிருந்து புயல் செய்தி வந்தால் திரையில் காட்டும். ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் கரைக்குச் சொல்லும். உள்ளே ஓடுவது இதே இயங்குதளம்தான். மேகமூட்டம் வந்தால் சூரியத் தகடு ஏறாது, ரெண்டாம் நாளே செத்துப்போகிறது என்று சுகுமார் அவளிடம் புலம்பினான். அவளுடைய திருத்தம் ஏறிய பிறகு பெட்டிகளை அணைக்கவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. செப்டம்பர் ஐந்தாம் தேதி, கடற்கரையில் பந்தல் போட்டு, எல்லாப் பெட்டிகளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக அவன் உயிரூட்டினான். படம் எடுத்து அவளுக்கு அனுப்பினான்.

அவள் கைப்பேசியில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தாள். எடுத்த நேரம் மாலை ஐந்து மணி நான்கு நிமிடம். படத்தில் நாலைந்து பெட்டிகளில் பச்சை விளக்கு எரிந்தது. விரல்விட்டு எண்ணினாள். செப்டம்பரில் இருபத்தைந்து, அக்டோபரில் இருபத்துநாலு. மாலை ஐந்தோடு பதினேழு மணி நேரம். இன்று அக்டோபர் இருபத்தைந்து. காலை பத்து மணி.

மணி எட்டு நாற்பது.

சுகுமாரை மூன்று தடவை அழைத்தாள். எடுக்கவில்லை. அந்தப் புகாரின் கீழே, 'இது பிழைதான். நான் செய்தது. இதைப் பயன்படுத்துகிற எல்லோரும் கருவியை உடனே ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்' என்று எழுதினாள். எல்லோரும் என்றால் யார்? எடுத்துக்கொண்டு போனவர்களின் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை. எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியில், எந்த அணைக்கட்டில், எந்த மாட்டுத் தொழுவத்தில் அந்த நான்கு வரி இல்லாமல் கருவிகள் எண்ணிக்கொண்டிருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. அவளுக்குப் பெயர் தெரிந்து, முகம் தெரிந்து இருந்தது நல்லவாடு மட்டும்தான். துப்பட்டாவைக்கூட எடுக்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

வயல் வரப்பிலிருந்து தங்கவேல் கை தூக்கினார். "எங்கம்மா போற? இன்னா ஆச்சி?"

"நல்லவாட்டுக்குப்பா. வந்து சொல்றேன்."

தவளக்குப்பம் நாற்சந்தியில் வண்டிகள் நாலு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றன. கடலூர் ரோட்டில் ஒரு மணல் லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. டீக்கடை வாசலில் தொலைக்காட்சியில் வங்கக் கடலின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையாய் ஒரு சுழி. வடக்கே போய்விடும், இந்தப் பக்கம் பயமில்லை என்று நேற்றிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை. லாரி நகர்ந்தபோது ஒன்பது மணி பத்து நிமிடம்.

நல்லவாட்டு ஏலக்கொட்டகையில் சத்தம் காதைப் பிளந்தது. சுகுமார் முழங்கால்வரை மடித்த லுங்கியோடு, ஐஸ் பெட்டிமேல் ஒரு காலை வைத்து நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"இன்னா சுதா, மீன் வாங்கவா வந்த? போன் பண்ணியிருந்தா வூட்டுக்கே குடுத்தனுப்பிருப்பேனே."

"இன்னைக்கி எத்தினி படகு கடல்ல இருக்கு?"

"பதினாலு. ஏன்?"

"மேல ரூமுக்கு வா. பத்து மணிக்கு பொட்டியெல்லாம் செத்துடும்."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்தான்.

கொட்டகைக்குப் பின்னால் இரும்புப் படி ஏறினால் ஒரே ஓர் அறை. மீன்வாடையும் துருவாடையும். ஒரு கணினி, ஒரு ரேடியோ, சுவரில் படகுகளின் எண்கள். சுகுமார் கணினியைப் போட்டான். அது மெதுவாக எழுந்தது. அதற்குள் ஜெயசுதா அவனுக்குச் சொல்லி முடித்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தான்.

"லைட்டு எரியுமா?"

"எரியும். அது தனி சிப்பு. உள்ள இருக்கறதுதான் தூங்கிடும்."

"செவப்பு பட்டன அமுக்கினா?"

"பீப்னு சத்தம் வரும். போயிடுச்சின்னு நெனப்பாங்க. போவாது."

கீழே ஏலம் கூவுகிறவரின் குரல் மட்டும் மேலே வந்தது.

"யாரு பண்ண தப்பு இது?"

"நான்தான்."

"நீ செக் பண்ணலியா?"

"ரெண்டு பேரு பாத்தோம். ரெண்டு பேருக்கும் தெரியல. அப்பால ஒருத்தர் சொன்னாரு. நான் கவனிக்காம மூடிட்டேன்."

அவன் அவளைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. திரையில் வரைபடம் விரிந்தது. நீலத்தில் பதினான்கு பச்சைப் புள்ளிகள். பெரும்பாலானவை கரைக்குப் பக்கத்தில் ஒரு கொத்தாக. மூன்று மட்டும் தள்ளி. அதிலும் ஒன்று எல்லாவற்றையும் விட்டு வெகுதூரம் கிழக்கே தனியாக இருந்தது. ஜெயசுதா அதன்மேல் விரலை வைத்தாள்.

"எங்கண்ணன்," என்றான் சுகுமார். "நேத்து காலையில போச்சி. சூறை மீனு கெடைக்குதுன்னு ஆழத்துக்குப் போயிருக்கு."

ஒவ்வொரு பெட்டியும் உயிர்பெற்ற நேரம் பட்டியலில் இருந்தது. முதல் பெட்டி, அண்ணன் செல்லப்பனுடையது. மாலை ஐந்து மணி பன்னிரண்டு நொடி. ஊர்ப்பந்தலில் முதல் பெட்டியை அண்ணன் கையில்தான் கொடுக்கவேண்டும் என்று சுகுமாரே ஆசைப்பட்டுச் செய்திருந்தான். அப்படியென்றால் பத்து மூன்றுக்கு முதலில் தூங்கப்போவது அது. அதன்பின் அவன் பொத்தானை அமுக்கிய வரிசையிலேயே, ஒரு நிமிடம் ரெண்டு நிமிடம் இடைவெளியில் ஒவ்வொன்றாக.

"பொட்டி கால்மணிக்கு ஒருதரம் முழிச்சி மெசேஜ் வந்துக்குதான்னு பாக்கும். ஒம்போதே முக்காலுக்கு ஒருக்கா, பத்துக்கு ஒருக்கா. அதுக்குள்ள அணைச்சி மறுபடி போடச் சொல்லிடு. அணைச்சி போட்டா முதல்லேர்ந்து எண்ணும்."

"அணைக்கச் சொல்றதா?" சுகுமார் தலையில் கை வைத்தான். "எந்தக் காரணத்துக்கும் பொட்டிய அணைக்காதீங்கன்னு ஒவ்வொருத்தன் கால்லயும் வுழாத கொறையா சொல்லி வெச்சிருக்கேன் சுதா. அணைச்சா பொட்டிய புடிங்கிடுவேன்னு சொல்லியிருக்கேன். இப்ப அணைன்னா எவன் நம்புவான்?"

"உம்பேரப் போட்டு அனுப்பு."

அவன் ஒற்றை விரலால் தட்டினான். 'பொட்டியை உடனே ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. உண்மை. சுகுமார்.' அனுப்பும்போது மணி ஒன்பது நாற்பத்தொன்று.

நாற்பத்தைந்துக்கு பதினான்கு எண்களுக்கும் பக்கத்தில் சேர்ந்துவிட்டது என்ற குறி விழுந்தது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. இருவரும் பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடலில் இந்நேரம் வலையை இழுத்து வாங்குவார்கள். ஒவ்வொரு படகிலும் நாலு பேரும் முதுகை வளைத்துக் கயிற்றில் இருப்பார்கள். என்ஜின் சத்தத்தில் பெட்டி கத்துவது கேட்குமா, கேட்டாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்ப்பார்களா என்று சுகுமார் தனக்குத்தானே முணுமுணுத்தான். ஒன்பது ஐம்பத்துமூன்றுக்கு ஒரு படகின் நேரம் மாறியது. புதிதாகப் பிறந்ததுபோல் பூஜ்யத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. சுகுமார் மேசையில் குத்தினான். அடுத்தது ஒன்பது ஐம்பத்தைந்து. அதன்பின் மளமளவென்று மூன்று. அவன் அதே செய்தியை இன்னொரு தடவை அனுப்பிவிட்டு, ரேடியோவை எடுத்துக் கூப்பிட ஆரம்பித்தான். பக்கத்துப் படகுகள் பதில் சொல்லின, தங்களுக்குப் பக்கத்துப் படகைக் கூப்பிட்டன. பத்து மணிக்கு எட்டு படகுகள் மாறியிருந்தன.

"அண்ணே, செல்லப்பண்ணே, கேக்குதா? அண்ணே?" அவ்வளவு தூரத்துக்கு அந்த ரேடியோ எட்டாது என்று இருவருக்கும் தெரியும். அவன் விடாமல் கூப்பிட்டான்.

பத்து மணிக்கு செல்லப்பனின் பெட்டி ஒருமுறை விழித்தது. தான் இருக்கும் இடத்தைச் சொன்னது. இரண்டாவது செய்தியையும் வாங்கிக்கொண்டது. ஜெயசுதா கணினியின் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஒன்று. பத்து இரண்டு. பத்து இரண்டு ஐம்பத்தொன்பதில் அவள் கண்ணை மூடித் திறந்தாள். திரையில் எதுவும் மாறவில்லை. புள்ளி பச்சையாகவே இருந்தது. அலறல் இல்லை, சிவப்பு இல்லை. இத்தனை நாள் வேலையில் எத்தனையோ கருவிகள் அவள் கண்முன் நின்றுபோயிருக்கின்றன. இப்படிச் சத்தமில்லாமல் போனதை அவள் பார்த்ததில்லை. பத்தேகாலுக்கு அது மறுபடி பேசியிருக்கவேண்டும். பேசவில்லை.

மொத்தம் பதினோரு படகுகள் தப்பின. மூன்று தூங்கின.

பதினொன்றே முக்காலுக்கு மீன்வளத் துறையிலிருந்து சுகுமாருக்கு அழைப்பு வந்தது. அவன் கேட்டான், ம், ம் என்றான், வைத்தான். சுழி வடக்கே போகவில்லை. திரும்பிவிட்டது. நாளைக் காலைக்குள் கடலூருக்கும் மரக்காணத்துக்கும் நடுவில். எல்லாப் படகும் உடனே கரைக்கு வரவேண்டும்.

அவன் அந்தச் செய்தியைப் பதினான்கு எண்களுக்கும் அனுப்பினான். பதினோரு குறிகள் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் கொத்தாக இருந்த புள்ளிகள் மேற்கே திரும்பின. பேச்சில்லாமல் கிடந்த இரண்டு படகுகள், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்புவதைப் பார்த்துத் தாமும் திரும்பிவிட்டதாக ரேடியோவில் செய்தி வந்தது. கடலோரக் காவலுக்குச் சொல்லி, பத்து மணிக்கு செல்லப்பன் படகு இருந்த இடத்தைக் கொடுத்தார்கள். கப்பல் ஒன்று கிளம்புகிறது என்று பதில் வந்தது. அது வர நேரமாகும்.

அப்போதுதான் இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. செல்லப்பனின் மனைவி சிந்தாமணி. மீன் கூடையைக் கீழேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நேரே திரைக்கு வந்தாள். அவளுக்கு அந்தப் படத்தைப் பார்க்கத் தெரியும். புருஷன் கடலுக்குப் போகிற நாளெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறவள்.

"எல்லாரும் இன்னாமோ சொல்றாங்க," என்றாள். விரலை நீட்டினாள். "இந்தாதானே நிக்கிறாரு? பச்சையாத்தானே இருக்கு?"

சுகுமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜெயசுதா எழுந்து நின்றாள்.

"அது பத்து மணிக்கு இருந்த எடம்க்கா. அதுக்கப்புறம் பொட்டி பேசல. இந்தப் புள்ளி அப்படியே நின்னுட்டுது."

"பொட்டிக்கு இன்னா?"

"தூங்கிடுச்சி. அதுல இருக்கற ப்ரோக்ராம்ல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். புயல் திரும்பிடுச்சின்னு அவருக்குப் போய்ச் சேரல."

சிந்தாமணி அவளை முதல் தடவையாகப் பார்த்தாள். செப்டம்பரில் பந்தலில், எங்க சுகுமாரு கூடப் படிச்ச பொண்ணு எழுதினது என்று ஊருக்கே சொன்னவள் அவள்தான்.

"அவருக்கு இப்ப எல்லாம் சரியா இருக்குன்னு தோணுமா?"

"லைட்டு எரியும்க்கா."

சிந்தாமணி நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வானத்த பாத்தா அவருக்குத் தெரியும்," என்றாள். பிறகு, "தெரியும்தானே சுகுமாரு?" என்றாள். சுகுமார், தெரியும் அண்ணி என்றான். செய்தி வராதவரை பயமில்லை என்று இப்போதெல்லாம் வானத்தைப் பார்ப்பதை அண்ணன் விட்டுவிட்டான் என்று அவன் போன மாதம்தான் ஜெயசுதாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

ஜெயசுதா மதியம் முழுவதும் அந்த மேசையிலேயே உட்கார்ந்து திருத்தத்தை எழுதினாள். எடுத்த நான்கு வரிகளுக்குப் பதிலாக ஏழு வரிகள். எதற்காக இவை என்று மேலே குறிப்பு எழுதினாள். அவள் போட்ட எச்சரிக்கையின் கீழே ஊர் பேர் தெரியாதவர்கள் வந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர், எங்களிடம் நாலாயிரம் இருக்கிறது, பாதி மலைமேல் இருக்கிறது என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். அவள் அந்தக் கேள்விக்குறியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டரை மணிக்குக் காற்று வந்தது. முதலில் கிழக்கிலிருந்து ஒரு வீச்சு. அறைக்கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கடல் பக்கத்திலிருந்து ஆட்கள் சத்தம் போட்டார்கள். படகுகள் ஒவ்வொன்றாக அலையை ஏறி வந்து மணலில் முட்டின. பன்னிரண்டு. கொஞ்சம் பொறுத்து, பதின்மூன்று. சுகுமார் கீழே இறங்கிப் போனவன், அய்யனார் என்ற இன்னொருவனோடு திரும்பி வந்தான். இருவரும் சட்டையைக் கழற்றி மிதவை உடுப்பைப் போட்டிருந்தார்கள். சுகுமார் கையில் தன் படகின் பெட்டி இருந்தது.

"அந்த எடத்துக்குப் போயி பாத்துட்டு வரோம். நாலு பேரு. ரெண்டு என்ஜின் போட்டுக்கினு போறோம். கப்பல் வர்றதுக்குள்ள நாங்க பாதி போயிடுவோம்."

"போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே," என்றாள் ஜெயசுதா. சொல்லும்போதே தனக்கு அதைச் சொல்ல இடமில்லை என்று தோன்றியது.

"எங்கண்ணன்டி." பெட்டியை மேசைமேல் வைத்தான். "புதுசு எழுதிட்டன்ல? அத இதுல ஏத்து."

அவள் பெட்டியைத் தொட்டாள். உப்புப் பிசுபிசுத்தது. ஏற்றுவதற்கு இரண்டு நிமிடம் போதும். ஏழு வரிகளையும் அவள் பத்து முறை படித்திருந்தாள். தப்பு ஒன்றும் கண்ணில் படவில்லை. ஜூலையிலும் ஒன்றும் கண்ணில் படவில்லை.

"இத இன்னும் வேற யாரும் பாக்கல சுகுமாரு. ஓட்டிப் பாக்கவும் இல்ல."

"நீ பாத்தா போதாதா?"

தரையில் உட்கார்ந்திருந்த சிந்தாமணி தலை தூக்கினாள். மூன்று பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"பழசே இருக்கட்டும்," என்றாள் கடைசியில். "இப்ப அணைச்சிப் போடறேன். அதுல இன்னா தப்புன்னு எனக்குத் தெரியும். நாப்பத்தொம்போது நாளைக்குத் தூங்காது. புதுசுல இன்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது."

சுகுமார் அவளையே பார்த்தான். "அத்தினி நாளு எவன் கடல்ல இருக்கப்போறான்," என்றான். சிரிக்க முயன்றான். சிந்தாமணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஜெயசுதா பெட்டியை அணைத்தாள். ஐந்து வரை எண்ணினாள். போட்டாள். திரையில் நேரம் பூஜ்யத்திலிருந்து ஓட ஆரம்பித்ததும் அவன் கையில் கொடுத்தாள்.

அவர்கள் அலையைத் தாண்ட மூன்று முறை முயன்றார்கள். இரண்டு தடவை படகைக் கடல் திருப்பி அடித்தது. மூன்றாவது தடவை மூக்கு நட்டுக்குத்தலாக எழுந்து, ஒரு கணம் அடிவயிறு முழுவதும் தெரிந்து, அந்தப் பக்கம் இறங்கிப்போனது. கரையில் நின்றவர்கள் யாரும் கூவவில்லை. கடல் பழுப்பாக இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

மழை வருமுன் மிச்சப் படகுகளை மேலே ஏற்றவேண்டும் என்றார்கள். மணல் திட்டு போதாது, ஊர் ரோட்டுக்கே ஏற்றிவிடலாம் என்று வயதானவர் ஒருவர் சொன்னபோது எவரும் எதிர்த்துப் பேசவில்லை. அவ்வளவு தூரம் கடல் வரும் என்று எல்லோருக்கும் தோன்றியிருந்தது. ஆண்கள் போதவில்லை. பெண்களும் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். ஜெயசுதா ஏலக்கொட்டகையின் தூணோரம் நின்றிருந்தாள். கைப்பேசியில் அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வடிகால் வெட்டியாகிவிட்டதா என்று கேட்கலாமா என்று யோசித்தாள்.

சிந்தாமணி படியிறங்கி வந்தாள். ஜெயசுதாவைத் தாண்டிப் போனாள். பிறகு நின்று, மணலில் கிடந்த வடத்தின் ஒரு முனையைத் தூக்கி அவள் பக்கம் நீட்டினாள்.

"புடி," என்றாள்.

அதில் கோபம் இருந்ததா, இல்லையா என்று ஜெயசுதாவால் சொல்ல முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் வடத்தைப் பிடித்தாள். முன்னால் பத்துப் பேர், பின்னால் பத்துப் பேர். யாரோ குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே மூச்சில் சாய்ந்து இழுத்தார்கள். நார் உள்ளங்கையில் அறுத்தது. படகு முனகிக்கொண்டு ஒரு முழம் ஏறியது. மறுபடி ஒரு முழம். தார் ரோட்டில் அதன் அடி உரசியபோது எழுந்த ஓசையில் காற்றின் சத்தமே கேட்காமல் போயிற்று. முதல் படகு ரோட்டில் குறுக்கே நின்றது. அதை ஒட்டி இரண்டாவது. மூன்றாவது. இருட்டுக்கு இன்னும் நேரம் இருந்தும் தெருவிளக்குகள் எரிந்தன. கதவு திறந்திருந்த வீடுகளுக்கு எதிரே, தண்ணீரே இல்லாத இடத்தில், படகுகள் மூக்கைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு வரிசையாக ஏறி நின்றன. மழையின் முதல் துளிகள் அவற்றின் வெறும் பலகைமேல் விழ ஆரம்பித்தன.